அளிப்பும் உறுதியும்

நம் கல்லூரி நிறைவு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது சங்க இலக்கியம் பற்றியோ கோணேசர் கல்வெட்டுப் பற்றியோ ஓர் ஆராய்ச்சியாகத்தான் இருந்திருக்கும். யான் எழுதப் புகுந்திருப்பதோ மணலையும் கல்லையும் பற்றி. இதற்குக் காரணர், என்னுடன் ஒரே வாங்கில் இருந்து கற்று, இன்று மெல்பேண் நகரில் வாழும் அன்பர் ஒருவர். சென்ற மார்கழியில் அவரிடமிருந்து நீண்ட மடல் ஒன்று வந்தது. மன்னார்த் தீவின் கனிய மணலைத் தேடுவதற்கு அனுமதி பெற்ற ஓர் ஆஸ்திரேலியக் கம்பனியின் பங்குகளில் தம் சேமிப்பில் ஒரு பகுதியை இட்டிருக்கிறாராம். “மச்சான், நீ திருகோணமலையிலேயே இருக்கிறவன். புல்மோட்டை மணலைக் கண்ணால் கண்டவன். மன்னாரில் அள்ள விடுவார்களா? பங்கை வைத்திருக்கவா, விற்கவா?” என்பது அவர் வினா.

புல்மோட்டை மணலை யாங்கள் இருவருமே கண்டவர்கள்தாம். எட்டாம் வகுப்பில் எமது விஞ்ஞான ஆசிரியர் போத்தல் ஒன்றில் கருமணல் கொண்டுவந்து மேசைமீது கொட்டி, பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக் காந்தத்தை அதன்மேல் அசைத்துக் காட்டினார். மணல் மயிர்போற் சிலிர்த்து எழுந்து காந்தத்திற் படிந்தது. “இதற்குள் இருப்பது இல்மனைற்று. வெள்ளைப் பூச்சுக்கு வேண்டிய தைத்தேனியம் இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நம் வீட்டுச் சுவரின் வெண்மைக்கு இந்தக் கருமைதான் தாய்” என்றார். அதைக் கேட்டு என் அன்பர் வாய்விட்டுச் சிரித்ததும், அதற்காக வெளியே நிறுத்தப்பட்டதும் இன்றும் நினைவில் உள்ளன.

திருகோணமலைக்கு வடக்கே ஏறத்தாழ முப்பத்தைந்து மைல் தொலைவிலுள்ள அக்கடற்கரை மணலில் முக்காற் பங்களவு இல்மனைற்று. எஞ்சியதில் உரூத்தைலும் சேர்க்கனும் உண்டு. உலகில் இத்துணைச் செறிவான மணற்படிவுகள் மிகச் சில. அதனை எடுப்பதற்கென 1957இல் அரசு கனிய மணற் கூட்டுத்தாபனத்தை நிறுவிற்று. அது 1992இல் கம்பனியாக மாற்றப்பட்டது. எனினும் பங்குகள் யாவும் அரசினிடமே இருந்தன. 1997இல் அங்கு மணல் ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியாலிட்டி’ என்னும் கப்பல் தாக்கப்பட்டபின் வேலை பல ஆண்டுகள் முடங்கிற்று. அந்நட்டம் எந்தத் தனியாளின் பையையும் தொடவில்லை. எல்லார் பையையும் சிறிது சிறிது தொட்டிருக்கும். ஆகவே, சிறு முதலீட்டாளனின் கதை புல்மோட்டையில் இல்லை. அது வேறோரிடத்தில் இருக்கிறது. அவ்விடம் கந்தளாய்ப் பக்கம். அந்தச் சிறு முதலீட்டாளருள் ஒருவன் யானே.

போர் ஓய்ந்தபின் நம் மாவட்டமெங்கும் பாதைகளும் பாலங்களும் எழுந்த காலம் அது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து எங்கு நோக்கினும் கருங்கல் ஏற்றிய லொறிகள். கல்லுக்கு இருந்த கிராக்கியைக் கண்ட என் அத்தான், கட்டாரில் ஒன்பது ஆண்டு உழைத்த காசோடு 2011இல் ஊர் திரும்பினார். கந்தளாய்ப் பக்கத்தில் கமக்காரர் ஒருவரிடம் பாறை நிறைந்த இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி இருப்பதை இடைத்தரகர் ஒருவர் கண்டு சொன்னார். அத்தான் ஐந்து இலட்சம், எங்கள் அயலில் வாழ்ந்த இளைப்பாறிய தபாலதிபர் தம் பணிக்கொடையிலிருந்து இரண்டு இலட்சம், யான் வங்கிக்கடனாகப் பெற்ற இரண்டு இலட்சம் என ஒன்பது இலட்சம் சேர்ந்தது. யான் ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அக்கடனை அடைக்கும் வரை என் சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு பள்ளம் விழுந்துகொண்டே இருந்தது.

பணம் கொடுக்குமுன் அத்தான் காணிப் பத்திரத்தை என்னிடம் கொண்டுவந்தார். “தம்பி, நீ படிச்சனி, தமிழ் வாத்தியார். ஒருக்கா வாசிச்சுச் சொல்லு” என்றார். விறாந்தையில் அமர்ந்து வாசித்தேன். மேலே அரச இலச்சினை. கீழே சனாதிபதியின் கையொப்பம். தலைப்பில் ‘அளிப்பு’ என்றிருந்தது. நொத்தாரிசு எழுதும் உறுதியைக் காட்டிலும் நாட்டின் தலைவர் ஒப்பமிட்டது மேலானதன்றோ என்று எண்ணி, “அத்தான், இதைவிட நல்ல உறுதி கிடையாது” என்றேன். தொடர்ந்து வந்த நிபந்தனைகளையும் ஒதுக்கீடுகளையும் கண்ணால் மேய்ந்தேனேயன்றி வாசிக்கவில்லை. மாணாக்கர் செய்யுளின் பொழிப்புரையை மட்டும் படித்துவிட்டுப் பதவுரையை விட்டுவிட்டால் நாட்கணக்காகக் கடிந்துகொள்பவன் யான்.

காணிக்காரருக்கு நான்கு இலட்சம் முற்பணம் கொடுத்தாயிற்று. லொறி போகப் பாதை வெட்டினோம். கொம்பிறசர் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். ‘அனுமதி வந்துவிடும்’ என்றார் தரகர். வராமற்போகவே, அத்தானும் யானும் பத்திரத்தோடு அலுவலகம் சென்றோம். காணிப் பகுதியில் இருந்த இளம் பெண் உத்தியோகத்தர் பத்திரத்தைப் பொறுமையாக வாசித்துவிட்டு, “சேர், இது அளிப்பு. பயிர்ச்செய்கைக்கும் குடியிருப்புக்கும் கொடுத்த காணி. பிரதேச செயலாளரின்ர எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இவர் இதைக் குத்தகைக்குக் குடுக்க ஏலாது. இந்தா, இதையும் பாருங்கோ: நிலத்தில இருக்கிற கனியம் எல்லாம் அரசுக்கென்று ஒதுக்கியிருக்கு” என்று ஒரு வரியில் விரலை வைத்தார். பின்பு, “சேர் என்ன பாடம் படிப்பிக்கிறீங்கள்?” என்று கேட்டார். யான் கணிதம் என்று சொன்னேன். இன்றளவும் யான் வெட்கப்படும் பொய் அது.

செய்தி கேட்ட காணிக்காரர் நடுங்கிவிட்டார். நிபந்தனையை மீறினால் அளிப்பே இரத்தாகலாம் என்ற அச்சம் அவருக்கு. முற்பணத்தை அவர் மகளின் கலியாணத்திற் செலவிட்டிருந்தார், ஏமாற்றுக்காரர் அல்லர். இரண்டு போகங்களில் நெல்மூடைகளாக நாற்பதினாயிரம் வரை திருப்பித் தந்தார். அதற்குமேல் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. அத்தான் மறுவருடமே மீண்டும் கட்டாருக்கு விமானம் ஏறினார். தபாலதிபர் ஐயா அதன்பின் ஐந்து ஆண்டு வாழ்ந்தார். ஒருநாளேனும் அப்பணத்தைப் பற்றி வாய்திறந்தாரில்லை, ஒவ்வொரு காலையும் வேலியோரம் நின்று, “தம்பி, பள்ளிக்கூடமோ?” என்று முன்போலவே கேட்பார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

அதன்பின்னரே யான் சட்டத்தைப் படித்தேன். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், நிலமற்ற கமக்காரனுக்கு நிலம் கொடுப்பதோடு, அந்நிலத்தைக் கடன்காரனும் பணக்காரனும் அவனிடமிருந்து பறித்துவிடாதபடி வேலியும் போட்டிருக்கிறது. அந்த வேலிக்கு வெளியே கொம்பிறசரோடு நின்ற பணக்காரர் யாங்களே என்று அறிந்தபோது சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டமோ, மேல்மண் யாருடையதாயினும் அடியிலுள்ள கனியத்தின் உடைமை குடியரசினுடையதே என்கிறது. உறுதிக்காணியில் உடையவன் இசைந்தால் அனுமதி கேட்கவேனும் வழியுண்டு. எங்கள் காணிக்காரரிடமோ இசைந்து கொடுக்கும் உரிமையே இருக்கவில்லை. இந்நாட்டு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரச காணி என்பர். அவ்வாறாயின், கல்லிலும் மணலிலும் காசு போடுகிறவன் பெரும்பாலும் வாங்குவது கல்லையுமன்று, மணலையுமன்று. ஒரு சம்மதத்தின்மேல் உள்ள நம்பிக்கையையே.

அரசு இத்துணை நிலத்துக்கு உடைமையாளனான வரலாறு நல்வரலாறு என்று யான் சொல்லவில்லை. 1840இல் ஆங்கிலேயர் இயற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் உழப்படாத நிலமும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன என்றது. பத்திரமில்லாத ஊரவன் இழந்தான்; கோப்பித் தோட்டக்காரன் பெற்றான். ஆயினும் அதே அரசுடைமை 2000ஆம் ஆண்டில் வேறு பொருள் பெற்றது. எப்பாவளைப் பொசுபேற்றுப் படிவை முப்பது ஆண்டுக்கு அமெரிக்கக் கம்பனியொன்றின் கூட்டுக்குக் கொடுக்க முயன்றபோது, உள்ளூர்க் கமக்காரரும் ஒரு பௌத்த குருவும் உயர் நீதிமன்றம் சென்றனர். நீதியரசர் அமரசிங்க தம் தீர்ப்பில், இயற்கை வளங்களுக்கு அரசு பாதுகாவலனேயன்றித் தன் விருப்பப்படி கைமாற்றும் சொந்தக்காரன் அன்று என்னும் கருத்தை நிலைநாட்டினார். உரிய ஆய்வுகள் முடியும்வரை ஒப்பந்தம் தடுக்கப்பட்டது. பலமுறை சிந்தித்தும், அத்தீர்ப்பைப் பிழையென்று சொல்ல என்னால் இயலவில்லை. என் இரண்டு இலட்சத்தை விழுங்கியதும் ஏறத்தாழ அதே நியாயந்தான்.

இனி மெல்பேண் அன்பரின் வினா. மன்னார் மக்கள் அம்மணல் அகழ்வை எதிர்த்து வீதியில் நின்றதை நாம் செய்திகளிற் கண்டோம். கடல்மட்டத்தினும் சிறிதே உயர்ந்த தீவு அது. மணலை அள்ளினால் கிணற்றுநீர் உவர்க்கும், கடல் உட்புகும் என்பது அவர்கள் அச்சம். தேடுவதற்குப் பெற்ற அனுமதி வேறு; அகழ்வதற்குப் பெறும் அனுமதி வேறு. இடையே சுற்றாடல் ஆய்வும், காணிக்காரர் இசைவும், அரசு மாறினால் மாறும் கொள்கையும் உள்ளன. கம்பனி அறிக்கைகளில் மணலின் அளவு பக்கம் பக்கமாக இருக்கும். காணியைப் பற்றி ஓரிரு வரி இருக்கும்.

யான் பதில் எழுதினேன். வை என்றும் எழுதவில்லை. வில் என்றும் எழுதவில்லை. பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கம் எனக்குத் தெரியாது. கந்தளாய்க் கதையை முழுவதும், கணிதம் என்று சொன்ன பொய் உட்பட எழுதி, “மச்சான், மணலைப் பற்றிய பக்கங்களை விடு. காணியைப் பற்றிய அந்த ஓரிரு வரியை எடுத்து, சொல் சொல்லாக வாசித்து எனக்கு அனுப்பு, இருவருமாகப் பதவுரை காண்போம்” என்று கேட்டேன்.

தைப்பொங்கலன்று மறுமொழி வந்தது. அந்த வரிகளைப் படியெடுத்து அனுப்பியிருந்தார். ஆங்கிலத்தில் நான்கு வரி. ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்னும் பொருள்படும் சொல் அந்நான்கு வரியில் மூன்று முறை வந்திருந்தது. அச்சொல்லின்கீழ் அவரே மூன்று இடத்திலும் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்.