காது கொடுக்கக் கற்கிறேன்

52 வயதில் யாராவது பாடம் படிக்கப் போவார்களா? நான் போகிறேன், சகோதரிகளே! 24 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், இப்போது மாணவி. நான் படிப்பது 'சைக்கோதெரபி'. அதாவது, மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களுக்குப் பேச்சின் மூலமே உதவும் சிகிச்சை.

"பேசுவதற்குக்கூடவா படிப்பு? அதுதான் உனக்குப் பிறவியிலேயே வந்ததாயிற்றே!" என்றார் என் கணவர். சிரித்து வைத்தேன். நான் அங்கே கற்க வேண்டியிருந்தது, வாயை மூடிக்கொண்டிருப்பதைத்தான்!

ஏன் இந்த ஆசை வந்தது என்று கேட்கிறீர்களா? என் தங்கைக்குக் குழந்தை பிறந்து ஆறாவது வாரம். ஒரு நாள் காலை சமையலறை வாசலில் வந்து நின்று, "அக்கா, எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. குழந்தையைத் தூக்கக்கூடத் தோன்றவில்லை" என்றாள்.

அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நான், தலை நிமிராமலே, "தங்க விக்கிரகம் மாதிரி பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா? போய்க் குளித்துவிட்டு சுவாமிக்கு விளக்கேற்று" என்று புத்தி சொன்னேன்.

அவள் போய்விட்டாள். அப்புறம் ஐந்து மாதம் அதைப்பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை, உருகிப் போனாள். பிரசவத்துக்குப்பின் சில தாய்மார்களுக்கு வரும் மனச்சோர்வு அது, சிகிச்சையால் குணமாகும் என்பதே டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. தேறிய பிறகு ஒரு நாள் சொன்னாள்: "அன்றைக்கு நீ அரிவாள்மணையை மடக்கிவிட்டு எழுந்து வருவாய் என்று பார்த்தேன், அக்கா."

அந்த வார்த்தைதான் என்னை வகுப்பில் கொண்டு உட்கார வைத்தது.

கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1957-ல் எழுதிய கட்டுரை ஒன்று எங்களுக்குப் பாடம். உதவ முன்வருகிறவரிடம் வேஷமில்லாத மனம் வேண்டும். எதிரே இருப்பவரை நிபந்தனையின்றி மதிக்க வேண்டும். அவர் நிலையில் நின்று அவர் உணர்ச்சியை அறிய வேண்டும் என்கிறார். படிக்கச் சுலபம்! விடை தப்பென்றால் உடனே சிவப்பு மையால் சுழித்துப் பழகிய கை சும்மா இருக்குமா?

முதன்முதலாக என் முன்னே ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். யார், என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றாலன்றி, அந்த அறைப் பேச்சு வெளியே வரக்கூடாது. என் அவஸ்தையை மட்டும் சொல்கிறேன். 50 நிமிஷத்தில் நாலு தடவை புத்திமதி நாக்கு நுனிக்கு வந்தது. மூன்று தடவை விழுங்கினேன். நாலாவது தடவை தவறிவிட்டேன். அவர் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. தங்கையின் முகமேதான்!

"அப்போது அவசரம் யாருக்கு, அவருக்கா, உனக்கா?" என்று பின்னர் கேட்டார் என்னை மேற்பார்வை செய்யும் ஆசிரியை. மறு வாரம் அந்த அம்மாளிடம், "போன தடவை நான் அவசரப்பட்டுவிட்டேன்" என்று ஒப்புக்கொண்டேன். சற்று நேரம் மௌனம். பிறகு அவராகவே பேசத் தொடங்கினார்.

சகோதரிகளே, உங்கள் சமையலறை வாசலிலும் ஒரு நாள் யாராவது வந்து நிற்கலாம். வெண்டைக்காய் காத்திருக்கும். அரிவாள்மணையை மடக்கிவிட்டு எழுந்து வாருங்கள்.