ஆர்.சி. புக்கில் இல்லாத இன்ஜின்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. சுற்றுலா வருபவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். விபத்து வழக்கு நடத்தும் எங்களுக்கு அந்தப் பலகை வேறு விதத்தில் உதவும். சமவெளியில் நடந்த விபத்தென்றால் பார்வை மகஜரில் 'புளியமரத்துக்குக் கிழக்கே 50 அடி' என்று எழுதியிருப்பார்கள். எந்தப் புளியமரம் என்பதிலேயே இரண்டு வாய்தா போய்விடும். மலைப்பாதையில் வளைவு எண்ணைச் சொன்னால் போதும். 2012-ல் என்னிடம் வந்த வழக்கின் எண் 41.

என் கட்சிக்காரர் அடிவாரத்து ஊர்க்காரர், கொத்தனார். செம்மேட்டில் நடந்த ஒரு கட்டட வேலைக்காக இரு சக்கர வண்டியில் மேலே போய்க்கொண்டிருந்தார். இறங்கி வந்த ஜீப் வளைவை வெட்டித் திரும்பியதில் மோதி, வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நாலு மாதத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் சாரம் ஏற முடியவில்லை. சாரம் ஏற முடியாத கொத்தனாருக்குத் தரையோடு நிற்கிற வேலைதான் கிடைக்கும், கூலியும் அதற்கேற்றபடிதான்.

எளிய வழக்கு என்று நினைத்துத்தான் எடுத்தேன். மலைச்சாலையில் இடம் போதாத இடத்தில் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று அப்போது நடப்பில் இருந்த 1989-ம் ஆண்டின் சாலை விதிகள் சொல்லின. கவனக்குறைவு யாருடையது என்பதில் பேச்சே இல்லை. ஜீப்புக்கு நடப்பில் இன்சூரன்ஸ் இருந்தது, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இருந்தது. உரிமையாளர் தரப்பில் யாரும் வரவில்லை, அவரை ஒருதலைப்பட்சமாக வைத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி வழக்கமான ஒரு பக்க எதிருரை போட்டிருந்தது. மூன்றாவது வாய்தாவில் அவர்கள் கூடுதல் எதிருரை ஒன்றைத் தாக்கல் செய்தபோதுதான் என் நிம்மதி போனது.

விபத்துக்குள்ளான வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை தருவார். சட்டத்தில் அவருக்கு என்ன பெயரோ, நம் ஊரில் அவர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'தான். அந்த அறிக்கையில் நாங்கள் எல்லோரும் கடைசி வரியை மட்டும் படிப்போம்: 'விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல.' இந்த முறை ஆய்வாளர் தலையை உள்ளே விட்டு இன்ஜின் எண்ணைப் பார்த்து எழுதியிருந்தார். கம்பெனி வக்கீல் அதை ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். எண் ஒத்துப்போகவில்லை. புத்தகத்தில் எரிபொருள் பெட்ரோல். வண்டியில் இருந்ததோ டீசல் இன்ஜின், அதுவும் டர்போ வைத்தது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988. பிரிவு 52. சட்டம் வந்த புதிதில் அந்தப் பிரிவு கொஞ்சம் தளர்வாக இருந்தது. பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதானால் முன்கூட்டித் தெரிவித்து ஒப்புதல் வாங்கு என்றது. 2000-ம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவைச் சாத்தியது. உற்பத்தியாளர் முதலில் குறித்ததற்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது என்றாகிவிட்டது. சி.என்.ஜி., பேட்டரி போல வேறு எரிபொருளுக்கு முறையான கிட் பொருத்துவதற்கு ஒரு சந்து விட்டார்கள். காயலான் கடையில் இன்ஜின் வாங்கி வீட்டுக் கொட்டகையில் இறக்குவதற்கு அந்தச் சந்து போதாது.

ஆக, பதிவுச் சான்றில் இருக்கும் வண்டியும் சாலையில் ஓடிய வண்டியும் ஒன்றல்ல, நாங்கள் காப்பீடு செய்த வண்டி இதுவல்ல, பணம் தர மாட்டோம் என்பது கம்பெனியின் வாதம். உரிமையாளருக்கோ மிளகுக்கொடியும் கொஞ்சம் காப்பியும்தான் சொத்து. கம்பெனி விலகிவிட்டால் தீர்ப்பை வைத்துக்கொண்டு என் கட்சிக்காரர் என்ன செய்வார்? அவர் காலை முறித்த மனிதனின் சட்டவிரோத வேலைக்கு நான் வாதாட வேண்டிய நிலை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மலைக்குப் போனேன். மனுதாரர் வக்கீல் எதிர்மனுதாரர் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டால், எனக்கும் அன்று கூச்சமாகத்தான் இருந்தது. வழக்கில் ஆஜராகாதவர், வக்கீல் வைக்காதவர் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

செம்மேட்டுக்குப் பக்கத்தில் வீடு. மலையாளிப் பழங்குடிக் குடும்பம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் ஜீப். "வக்கீல் நோட்டீஸ் வந்துச்சுங்க. வந்தா பணம் கட்டச் சொல்லுவாங்கன்னு பயந்துட்டு வரலீங்க" என்றார் தகப்பனார். மகன் ஐ.டி.ஐ. படித்தவர், நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் சில வருடம் வேலை பார்த்தவர். ஜீப்பை ஓட்டியதும் அவர்தான், இன்ஜினை மாற்றியதும் அவர்தான். கேட்க வேண்டியதைக் கேட்பதற்குள் அவராகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். செய்த வேலையைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

அது 1970-களின் மஹிந்திரா ஜீப். வில்லிஸ் வழிவந்த ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின், 2.2 லிட்டர், 75 குதிரைத்திறன். அது புதிதாக இருந்தபோது சொன்ன கணக்கு. வயதானபின் ஆளும் மூட்டையுமாக 70 வளைவு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்ததாம். மேலே போகப் போகக் காற்று லேசாகிறது. ஆயிரத்து சொச்சம் மீட்டர் உயரத்தில் இன்ஜின் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பத்தில் ஒரு பங்கு காற்று குறைவு, அந்த அளவுக்குச் சக்தியும் குறைவு. "அதுக்குத்தாங்க டர்போ. காத்தை அமுக்கி உள்ள தள்ளும்" என்றார்.

முதலில் அவர் யோசித்தது டர்போ அல்ல, சூப்பர்சார்ஜர். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். சூப்பர்சார்ஜர் இன்ஜினின் சொந்தச் சுழற்சியிலிருந்தே பெல்ட் போட்டு ஓடும், அதனால் காலை வைத்த உடனே இழுக்கும், ஆனால் இன்ஜின் சக்தியில் கொஞ்சத்தைத் தானே தின்றுவிடும். டர்போ வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தில் சுழல்கிறது. 2.5 லிட்டர் டீசல் இன்ஜின் ஒன்று டர்போவோடேயே காயலான் கடையில் கிடைத்ததும் யோசனை முடிந்தது. இன்ஜினையும் பழைய கியர் பாக்ஸையும் இணைக்க லேத் பட்டறையில் ஒரு கனத்த தகடு கடைந்து வாங்கினார். பலாமரக் கிளையை நம்பாமல் இரும்பு முக்காலி செய்து, செயின் புளாக் போட்டுப் பழையதைத் தூக்கிப் புதியதை இறக்கினார். மவுண்டிங், ரேடியேட்டர், டர்போவுக்கு ஆயில் போகும் குழாய் என்று மூன்று மாதம் ஆனது. மலை ஏறி வந்ததும் உடனே சாவியைத் திருப்ப மாட்டாராம். டர்போ சூடு தணிய இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுவார். ஊர்க்காரர்கள் டீசலை வீணாக்குகிறான் என்று சிரிப்பார்களாம்.

கொட்டகைச் சுவரில் ஓர் அமெரிக்கக் காரின் படம் ஒட்டியிருந்தது. பாண்டியாக் ஜி.டி.ஓ., 1964. நடுத்தர அளவு டெம்பஸ்ட் காரில் பெரிய காருக்கான 389 கன அங்குல, அதாவது 6.4 லிட்டர் இன்ஜினை இறக்கிய வண்டி. மசில் கார் என்று பின்னால் பெயர் பெற்ற வகைக்கு அதைத்தான் பலர் தொடக்கமாகச் சொல்வார்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது இன்ஜின் அல்ல. அந்த அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே விதி வைத்திருந்தது. பாண்டியாக்காரர்கள் அதைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பஸ்டுக்கு விருப்பக் கூடுதல் என்று விலைப்பட்டியலில் நுழைத்துவிட்டார்கள். அந்த யோசனை சொன்ன ஆளிடம் நான் ஜூனியராகச் சேர்ந்திருப்பேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பிரிவு 149-ஐ மறுபடி படித்தேன். மூன்றாம் நபருக்குப் பணம் தராமல் கம்பெனி தப்பிக்க எந்தெந்தக் காரணம் சொல்லலாம் என்று உட்பிரிவு 2-ல் அப்போது ஒரு பட்டியல் இருந்தது. வாடகைக்கு ஓட்டியது, பந்தயம், லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர் என்று போனது. 'மாற்றப்பட்ட இன்ஜின்' என்று எங்கும் இருக்கவில்லை. முக்கியமான உண்மையை மறைத்து பாலிசி வாங்கியது என்ற ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம். அப்படியே நிபந்தனை மீறல் இருந்தாலும் அது விபத்துக்குக் காரணமாக இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்ற போக்கில் 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது லைசென்ஸ் பற்றிய வழக்கு, ஆனாலும் எனக்குக் கைப்பிடி கிடைத்தது.

கம்பெனி தரப்பில் முதலில் அதிகாரி ஒருவர் கூண்டேறினார். குறுக்கு விசாரணையில் நான் கேட்டது நாலே கேள்வி. மூன்றாம் நபர் காப்பீட்டுக்குத் தனியார் கார்களை 1000 சி.சி. வரை, 1500 வரை, அதற்கு மேல் என்று மூன்று படியாகத்தானே பிரிக்கிறீர்கள்? ஆமாம். இந்த ஜீப்புக்கு எந்தப் படியில் வாங்கினீர்கள்? 1500-க்கு மேல். 2500 சி.சி. இன்ஜின் என்று முன்பே சொல்லியிருந்தால்? அதே படி. பிரீமியம் எவ்வளவு கூடியிருக்கும்? அவர் தன் வக்கீலைப் பார்த்தார். பிறகு, "கூடாது" என்றார்.

அடுத்து அவர்களே சம்மன் அனுப்பி மகனை வரவழைத்தார்கள். துணைக்கு வக்கீல் இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார்.

"பெரிய இன்ஜின், டர்போ வேற. அந்த வேகத்துலதானே வண்டி கைமீறிப் போச்சு?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார்.

"இல்லீங்க. இறக்கத்துல டர்போவுக்கு வேலையே இல்லீங்க. ஆக்ஸிலேட்டர் மிதிச்சாத்தான் அது இழுக்கும். நான் செகண்டு கியர்லதான் வந்தேன். வளைவை வெட்டுனது நானுங்க. பழைய இன்ஜினா இருந்திருந்தாலும் வெட்டியிருப்பேன்."

எனக்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடைத்திருக்காது. ஆனாலும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேல் குற்றவியல் வழக்கும் நிலுவையில் இருந்தது. அதில் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதை இங்கே தானாகக் கொட்டிவிட்டார். நான் அவருடைய வக்கீல் அல்ல. எழுந்து தடுக்கும் உரிமையும் எனக்கில்லை, சொல்லப்போனால் அவர் பேசுவது என் கட்சிக்காரருக்கு லாபம்.

நீதிபதி அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். "இன்ஜினை மாத்துனியே, பிரேக்கை என்னப்பா பண்ணின?"

முன் சக்கரத்துக்கு டிரம் எடுத்துவிட்டு டிஸ்க் போட்டதாகச் சொன்னார். பூஸ்டரும் வைத்தாராம். பெட்ரோல் இன்ஜின் என்றால் காற்றை இழுக்கும் குழாயிலிருந்தே பூஸ்டருக்கு உறிஞ்சல் கிடைக்கும், டீசலில் அது கிடைக்காது, அதனால் வேக்குவம் பம்ப் சேர்ந்த ஆல்டர்னேட்டராகப் பார்த்து வாங்கிப் பொருத்தினேன் என்றார். நீதிபதி ஆய்வாளர் அறிக்கையைத் திருப்பிப் பார்த்தார். பிரேக் நன்றாக வேலை செய்கிறது என்று அதிலும் இருந்தது. புத்தகத்தில் இருந்த ஜீப்பைவிடக் கொட்டகையில் உருவான ஜீப் சீக்கிரம் நிற்கும். சட்டத்தின் கண்ணில் அந்த டிஸ்க் பிரேக்கும் ஒரு மீறல்தான். முன்கூட்டிக் காட்டி ஒப்புதல் வாங்கும் பழைய வழி திறந்திருந்தால், ஆய்வாளர் இதையெல்லாம் விபத்துக்கு முன்பே பார்த்திருப்பார். 2000-ம் ஆண்டுத் திருத்தத்தின் மேல் எனக்கு உள்ள குறை இதுதான். எல்லாக் கொட்டகையிலும் இப்படி நிதானமான ஆள் இருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியாததல்ல.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. இன்ஜின் மாற்றம் பட்டியலில் உள்ள காரணம் அல்ல, பிரீமியம் மாறாதபோது மறைத்ததை முக்கியமான உண்மை என்று சொல்ல முடியாது, விபத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, கம்பெனியே பணத்தைக் கட்ட வேண்டும். நாங்கள் கேட்டதில் முக்கால் பங்குக்கு மேல் கிடைத்தது. கொத்தனார் அதில் கம்பி, சிமென்ட் விற்கும் சிறிய கடை வைத்தார்.

மகன் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். ஜீப்பின் சொந்தச் சேதத்துக்குக் கம்பெனி ஒரு பைசா தரவில்லை. கேஸ் போடலாமா என்று தகப்பனார் கேட்டபோது வேண்டாம் என்றேன். 149-ன் பட்டியல் அடிபட்ட மூன்றாம் நபரைக் காப்பாற்றத்தான், வண்டிக்காரரை அல்ல. 2014-ல் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கிரீஸ் பூசிப் படுதா மூடி வைத்திருந்த பழைய ஹரிக்கேனை அதே முக்காலியில் தூக்கி மறுபடி இறக்கினார்கள். டர்போ இன்ஜின் இப்போது மிளகுத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிறது.

அதன் பிறகு சட்டம் இன்னும் இறுகிவிட்டது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில், உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் வந்த பிரிவு 182ஏ-யின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு டார்ச் லைட்டும் பழைய துணியும் எடுத்துப் போங்கள். இன்ஜின் பிளாக்கில் உள்ள எண்ணைத் துடைத்துப் படித்து, ஆர்.சி. புக்கோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.