பனியின் அடியில்

பனி என்றால் நம்மவர்க்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான் நினைவுக்கு வரும். "பனியில் நிற்காதே, சளி பிடிக்கும்" என்பார் என் பாட்டி. அதற்குமேல் பனிக்கு அஞ்சியவர் எங்கள் குடும்பத்தில் யாரும் இலர். சென்ற பிப்ரவரியில் மலையேற்றக் குழுவோடு காஷ்மீரத்துக் குல்மார்க்கிற்குச் சென்றேன். ஆளை விழுங்கும் பனியை அங்கேதான் கண்டேன்.

குல்மார்க்கில் 'கொண்டோலா' என்னும் கம்பிவட ஊர்தியில் ஏறிச் சறுக்கும் சரிவுகளுக்குக் காவல் உண்டு. அவற்றுக்கு அப்பால், சறுக்குக் கட்டையின் அடியில் ரோமப்பட்டை ஒட்டிக்கொண்டு தாமே ஏறி இறங்குவோர்க்குக் காவல் இல்லை. 2010 பிப்ரவரியில் பயிற்சியிலிருந்த படைவீரர் 17 பேரைக் குல்மார்க் பனிச்சரிவு கொண்டுபோயிற்று. 2023 பிப்ரவரி 1 அன்று போலந்து நாட்டார் இருவர் மாண்டனர்.

நாங்கள் இறங்க விரும்பிய சரிவின் சாய்வு 36 பாகை. பலகை போலப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைக்குள்தான் தோன்றுகின்றன. முந்தின இரண்டு நாளும் பனி பொழிந்திருந்தது. காற்று அதை வாரி அந்தப் பக்கமே குவித்திருந்தது. வழிகாட்டி பேசாமல் மண்வெட்டியை எடுத்துப் பக்கத்தில் சிறியதொரு சரிவில் குழி வெட்டினார்.

குழியின் சுவரைப் பார்க்க வேண்டுமே! மேலே கெட்டியான பலகை. தரையை ஒட்டிக் கையில் அள்ளினால் சீனி போல உதிரும் மணிகள். குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருக்கும். அடியில் நிலம் 0 பாகையை ஒட்டி நிற்க, மேலே கடுங்குளிர். இந்த வேற்றுமையால் உள்ளே நீராவி மேலேறி, பனித்துகளை ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு பொழிந்தாலும் சீனிமேல் வைத்த பலகைதான்.

30 செ.மீ. சதுரத் தூணொன்றைச் செதுக்கி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்து, என்னைத் தட்டச் சொன்னார். மணிக்கட்டால் 10, முழங்கையால் 10, தோளால் 10; அதுவே முறை. 12ஆம் தட்டில் தூண் வழுக்கிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தது.

"நேத்து நாலு பேர் இறங்கின தடம் இருக்கே, அப்புறம் என்னடா?" என்றான் நெல்லை நண்பன். வழிகாட்டி சொன்னார்: பலகை எங்கும் ஒரே கனமன்று, நால்வர் தடித்த இடத்தில் போயிருப்பர், ஐந்தாமவன் மெலிந்த இடத்தை மிதிப்பான். எங்கள் மார்பில் அலைக்கருவி இருந்தது உண்மை. அது புதைந்தவரைத் தேட உதவும், புதையாமல் காக்காது. கால்மணி நேரம் கடந்தால் பிழைக்கும் வாய்ப்பு விரைந்து குறையும்.

ஒருவர் மறுத்தாலும் அனைவரும் திரும்புவது எங்கள் ஒப்பந்தம். நான் மறுத்தேன். சாய்வு குறைந்த மரக்காட்டு வழியே, ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டு இறங்கினோம். நண்பன் இரவுவரை என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை அந்தச் சரிவு சிறு கீறலும் இன்றி வெயிலில் மின்னிற்று. "பார்த்தாயா?" என்றான். பார்த்தேன். உப்பிட்ட காஷ்மீரத் தேநீரை அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றினேன்.