சூரிச் சமையலறையில் பிறந்த பலூனுக்கு நன்றி

அன்புள்ள டாக்டர் ஆண்ட்ரியாஸ் கிரூன்ட்சிக் அவர்களுக்கு,

1985 அக்டோபரில், 46 வயதில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நீங்களே ஓட்டிச் சென்ற விமானம் விழுந்து இறந்துபோனீர்கள். இந்த மடல் உங்கள் கைக்கு வரப்போவதில்லை. ஆனாலும் எழுதத் தோன்றியது. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் "எனக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு" என்கிறார்கள். அதற்கு வழி திறந்த பலூனைச் செய்த உங்கள் பெயர் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

எனக்கும் ஒன்று வைத்திருக்கிறது, இதயத்தின் முன்பக்கம் இறங்கும் ரத்தக் குழாயில். கேத் லேப்பில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். உங்கள் காலத்தில் தொடை வழியாகப் போனீர்கள். எனக்கு வலது மணிக்கட்டில் மரத்துப்போக ஓர் ஊசி, அவ்வளவுதான். முழு நினைவோடு படுத்திருந்தேன். சாயம் செலுத்தியதும் திரையில் குழாய்கள் கிளை கிளையாகக் கறுத்துத் தெரிந்தன. ஓரிடத்தில் மட்டும் நூலாக இளைத்திருந்தது. "சார், பலூனை விரிக்கப் போறோம், நெஞ்சு கொஞ்சம் பிடிக்கும், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். பிடித்தது. மாடிப்படி ஏறும்போதெல்லாம் வந்த அதே வலி. பலூன் விரிந்து நிற்கும் சில நொடிகள் ரத்தம் அந்தப் பக்கம் போகாதல்லவா, அதனால் வருவது. பலூனைச் சுருக்கியதும் வலி போன இடம் தெரியவில்லை. நெஞ்சு வலியை ஒருவர் வரவழைத்து அவரே அனுப்பியும் வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

கால் குழாய் அடைப்பை அறுவை இல்லாமல் திறக்கலாம் என்று சார்லஸ் டாட்டர் 1964-இலேயே அமெரிக்காவில் காட்டிவிட்டார். இதயத்துக்கு அது போதவில்லை. சாதாரண ரப்பர் பலூன் அடைப்பு இருக்கும் இடத்தில் விரியாமல் இரு பக்கமும் புடைக்கும். உங்களுக்கு வேண்டியிருந்தது, ஓர் அளவுக்கு மேல் பெரிதாகாமல் விறைத்து நிற்கிற பலூன். அதற்காகச் சூரிச்சில் உங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் மனைவி மிக்கேலா, உதவியாளர் மரியா ஷ்லும்ப்ஃப், அவர் கணவர் வால்டர் எல்லோரும் உட்கார்ந்து பிவிசி குழாயைச் சூடாக்கி, ஒட்டி, நூல் கட்டிப் பார்த்தீர்கள். 1977 செப்டம்பர் 16-ஆம் தேதி, நாற்பது வயதைத் தொடாத ஒரு நோயாளியின் இதயக் குழாய்க்குள் அந்தப் பலூன் போனது. பத்தாண்டு கழித்து எடுத்த ஆஞ்சியோவிலும் அந்தக் குழாய் திறந்தே இருந்தது.

இங்கே இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் வேலை பார்த்த சூரிச் மருத்துவமனையின் இதய அறுவைத் தலைவர் ஓக்கே சென்னிங், 1958-இல் உலகிலேயே முதன்முதலாகப் பேஸ்மேக்கரை முழுதும் உடலுக்குள் பொருத்தியவர். பலூன் ஜெயித்தால் பைபாஸுக்கு வருபவர்கள் குறைவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தே உங்களுக்குத் துணை நின்றார். சொந்தத் தொழிலுக்குப் போட்டி வரும்போது வழிவிடுகிற மனசு எல்லோருக்கும் வாய்க்காது.

கைவித்தையை நீங்கள் பூட்டி வைக்கவில்லை. நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே வெளியூர் டாக்டர்களைத் திரையில் பார்க்க வைத்தீர்கள், தடுமாறுகிற இடம் உட்பட. உங்களிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1986-இல் இந்தியாவில் இந்தப் பலூன் சிகிச்சையைத் தொடங்கி வைத்தார். சென்னையில் நெடுங்காலம் பணியாற்றி 2025-இல் மறைந்தார். என் மணிக்கட்டு வரை வந்த வழி அதுதான்.

நீங்கள் விரித்த குழாய் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களில் மறுபடி சுருங்கியது. நீங்கள் போன மறு ஆண்டே துலூஸில் ஜாக் புவெலும் லோசானில் உல்ரிச் சிக்வார்ட்டும் குழாயைத் தாங்கி நிற்கும் வலைக்குழலை வைத்தார்கள். அதுவே ஸ்டென்ட். பிறகு அதில் மருந்து பூசினார்கள். லட்ச ரூபாயைத் தாண்டி விற்ற மருந்து ஸ்டென்டுக்கு எங்கள் மத்திய அரசு 2017-இல் ரூ.29,600 என்று உச்சவரம்பு வைத்தது. இதுவும் நன்றிக்கணக்கில் சேரும்.

ஆனால் ஒன்று, எல்லா அடைப்புக்கும் ஸ்டென்ட் வேண்டியதில்லை. மாரடைப்பு நடக்கும் நேரத்தில் அது உயிர் காக்கும். நடந்தால் மட்டும் வருகிற, கூடாமல் குறையாமல் இருக்கும் வலிக்கு அது நிவாரணம்தான். ஆயுளைக் கூட்டுவதில் மாத்திரையை அது மிஞ்சவில்லை என்று 2007-இலும் 2020-இலும் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. படத்தைக் காட்டிப் பயமுறுத்தி உடனே கையெழுத்துக் கேட்கும் இடங்களும் உண்டு. அங்கே இரண்டாவது டாக்டரைப் பார்ப்பதில் தப்பே இல்லை.

இதைப் படிக்கும் நம்மூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோல் அழுத்தி, தாடைக்கோ கைக்கோ வலி பரவி, வியர்த்துக் கொட்டினால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, இசிஜி எடுக்கும் இடத்துக்குப் போங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கப் போனாலும் முதலில் இதய டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.


ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவன்