திரையிட்ட துடிமீன்

மே மாதத்து முன்னிரவில் கெடாவின் தோட்டத்துத் திடல்களில் நின்று தெற்கே நோக்குவோர்க்குத் திரிசங்கு எனும் தென்சிலுவை தாழ்வாகத் தெரியும். விசுவாமித்திரர் கதையோடு நம் வகுப்பறைகள் அதை விட்டுவிடுகின்றன, குறைதான். அதன் அடிமீனுக்கருகே, முழுநிலாவின் அகலம்கூட இல்லாத இடைவெளியில், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத இரட்டை விண்மீன் ஒன்றுண்டு: ஜி.எக்ஸ். 301-2. பெருவிண்மீன் ஒன்றை 41.5 நாளில் சுற்றிவருகிறது ஒரு துடிமீன். அது தன்னைத்தானே ஒருமுறை சுழலப் பதினோரு நிமிடத்திற்கு மேலாகும். துடிமீன்களுள் இது சோம்பேறியே!

பெருவிண்மீன் வீசும் வாயு துடிமீனைத் திரையிட்டு மறைக்கிறது. மென்மையான ஊடுகதிர்களை அத்திரை விழுங்கும், வன்மையானவையே வெளிவரும். அவற்றையும் நம் காற்றுமண்டலம் தடுப்பதால், 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் போன்ற விண்கலங்களே அவற்றை நோக்க இயலும். மென்கதிர் எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டே திரையின் தடிப்பைக் கணிப்பர். விந்தை யாதெனில், மறைக்கும் அவ்வாயு துடிமீன்மேல் விழுவதாலேயே ஊடுகதிர் பிறக்கிறது. இரண்டும் நெருங்கும் வேளையில் திரையும் தடிக்கிறது, ஒளியும் பெருகுகிறது.