அம்மையன்று, அஞ்சற்க

கோரமண்டலின் லைன் வீடுகளில் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்து பழகிய நமக்கு, குழந்தையின் மேனியில் பருக்கள் கண்டால் ‘அம்மை’ என்று அஞ்சுவதே வழக்கம். பெரியம்மை உலகினின்று ஒழிந்ததென 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அச்சம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

சின்னம்மை பெரும்பாலும் காய்ச்சலோடு வரும். நீர் கோத்து, ஓரிரு வாரத்தில் பொருக்காகி உதிரும். காய்ச்சலின்றி, முத்துப்போல் பளபளத்து, நடுவே சிறு குழியுடன் மாதக்கணக்கில் நிற்பதோ ‘மொலஸ்கம்’ என்னும் தொற்று. மருத்துவர் பெரும்பாலும் கண்ணால் கண்டே அதனைத் துணிந்து கூறுவார். அது நாளடைவில் தானே மறையும், கிள்ளினால் பரவும். துவாலையைப் பொதுவில் வைத்தலாகாது. கண்ணருகே தோன்றினால் உடனே மருத்துவரிடம் காட்டுவோம். பருக்களைத் துணியால் மறைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவோம். வாசலில் வேப்பிலை செருகி வீட்டில் ஒதுக்கிவைக்க வேண்டுவதில்லை.