எண்பது தோல்விகள்

எமது கல்லூரி உதைபந்தாட்டக் குழு ஓர் ஆண்டு முழுவதும் ஓராட்டத்திலேனும் வெல்லவில்லை. அக்குழுவிலே நாமும் இருந்தோம். சப்பாத்து வைத்திருந்தோர் அறுவர். ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினோம். ஆண்டிறுதியிலே அதிபர் எம்மைக் கூட்டத்தின் முன் எழுப்பி நிறுத்தி, ஊக்கமற்றவர்கள் என்றார். சப்பாத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நாமும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் உறுத்துகின்றது.

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துப் பிரெய்ரி வியூ சர்வகலாசாலையின் கதையைப் படித்தபோது அந்த உறுத்தல் மீண்டும் எழுந்தது. (அவர்கள் உதைபந்தாட்டம் என்பதிலே உதைப்பதிலும் பந்தைக் கையிற் பற்றி ஓடுவதே அதிகம், அது கிடக்கட்டும்.) முன்னர் அடிமைகள் உழைத்த தோட்ட நிலத்திலே, கறுப்பின இளைஞர்க்கென 1876இல் நிறுவப்பட்ட கல்லூரி அது. அதன் குழு 1989 முதல் 1998 வரை தொடர்ந்து 80 ஆட்டங்களிலே தோற்றது. 1991இல் ஆடிய பதினோராட்டங்களிலும் தோல்வி. எடுத்த புள்ளிகள் 48, கொடுத்தவை 617. நாடே நகைத்தது.

நகைத்தவர்கள் பழைய கணக்கைப் பார்த்தார்களா? பில்லி நிக்ஸ் என்பாரின் பயிற்சியிலே, 1953க்கும் 1964க்கும் இடையில், கறுப்பினக் கல்லூரிகளின் தேசிய வெற்றிப் பட்டத்தை ஐந்து முறை பெற்ற குழு அது. வெள்ளையர் சர்வகலாசாலைகளின் கதவுகள் அன்று கறுப்பருக்கு அடைபட்டிருந்தன; ஆற்றல் மிக்கோர் இங்கே வந்தனர். பின்னர் கதவுகள் திறந்தன. திறந்தது நீதியே, அதுவும் காலங்கடந்த நீதி. ஆனால் திறந்த கதவின் வழியே செல்வச் சர்வகலாசாலைகள் சிறந்த வீரரை உதவிப்பணம் கொடுத்து அழைத்துக்கொண்டன. அதே கதவால் பணம் இப்பக்கம் வரவில்லை.

1990இல் நிதி முறைகேடுகளால் ஆட்டமே நிறுத்தப்பட்டது. மறுவருடம் களமிறங்கியவர்கள் விளையாட்டுக்கென ஒரு சதமும் உதவிப்பணம் பெறாத மாணவர்கள். எதிரே நின்றவர்களோ அதைப் பெற்றவர்கள். முறைகேடு செய்தோர் யாரோ, அடிபட்டு விழுந்தோர் இப்பிள்ளைகள். அவ்வருடம் சேர்ந்து நான்காண்டுகள் ஆடிய ஒருவன், ஒரு வெற்றியையும் காணாமலே வெளியேறியிருப்பான். அவனை ஊக்கமற்றவன் என்று எந்த அதிபரால் சொல்ல முடியும்? தோற்போம் என்று தெரிந்தும் அடுத்த கிழமை உடுப்பை மாட்டிக்கொண்டு வருவதற்கு எத்தகைய மனம் வேண்டுமென்பதை நாம் சிறிது அறிவோம். எமக்கு வாய்த்தது ஓராண்டு மட்டுமே.

1998 செப்ரெம்பர் 26இல் அவர்கள் வென்றார்கள்: 14க்கு 12. தோற்றது லாங்ஸ்ரன், அதுவும் கறுப்பினக் கல்லூரியே.

படித்து முடித்த இரவு, அன்று வலக்கோடியிலே வெறுங்காலுடன் ஓடிய நண்பருக்குக் கடிதம் எழுதினோம். சப்பாத்தைப் பற்றித்தான் எழுதினோம்.